மாடியிலிருந்து பார்த்துக்கொண்டு நின்றேன்

வாசகியின் கடிதம்:

எனக்கு 38 வயது. சொந்த ஊர் கோவில்பட்டி பக்கம். ஒன்பது வருடமாக சென்னை ஓ.எம்.ஆர். பக்கம் ஒரு பெரிய அபார்ட்மென்ட்டில் ஆறாவது மாடியில் இருக்கிறோம். கணவர் ஐ.டி. வேலை, மாதத்தில் பாதி நாள் வெளியூர். நானும் வீட்டிலிருந்தே வேலை பார்க்கிறேன். ஒரே மகள், 9 வயது. ஏழு வருடமாக பெரும்பாக்கத்திலிருந்து ஒரு அக்கா எங்கள் வீட்டு வேலைக்கு வருகிறார்.

போன மே மாதம் ஒரு நாள் வேலை முடிந்து இறங்கியவர், வெயிலில் தலைசுற்றி, கீழே தோட்டத்து பெஞ்சில் உட்கார்ந்துவிட்டார். வேலைக்கு வருகிறவர்கள் அங்கே உட்காரக் கூடாது என்பது எங்கள் அசோசியேஷன் விதி. செக்யூரிட்டி வந்து எழுந்திருக்கச் சொன்னார். அக்கா எழுந்தார், சேலைத் தலைப்பால் பெஞ்சைத் துடைத்தார், போய்விட்டார். நான் பால்கனியில் நின்று எல்லாவற்றையும் பார்த்துக்கொண்டிருந்தேன். இறங்கிப் போகவில்லை. பக்கத்தில் நின்ற மகள், "ஏம்மா எழுந்துட்டாங்க?" என்று கேட்டாள். பதில் சொல்லவில்லை.

அன்றிலிருந்து தூக்கம் சரியில்லை. ஜூலையில் எனக்கு நான்கு நாள் காய்ச்சல். கணவர் ஊரில் இல்லை. யாரைக் கூப்பிடலாம் என்று போனைத் திறந்தால் ஒரு பெயர்கூட அகப்படவில்லை. எங்கள் தளத்தில் நான்கு வீடு. ஒருவர் பெயரும் தெரியாது. எங்கள் ஊரில் இப்படியா இருந்தோம்? எல்லோரும் எல்லோரோடும் பழகினோமே! கணவரிடம் சொன்னால், "மத்த வீட்டைவிட ஆயிரம் ரூபாய் அதிகமாத்தானே கொடுக்கிறோம், நீ ரொம்ப யோசிக்கிறே" என்கிறார். அக்காவின் முகத்தைப் பார்த்துப் பேசவே கூச்சமாக இருக்கிறது. நான் என்ன செய்வது? எனக்கு வந்திருப்பது மனச்சோர்வு நோயா?

— பெயர் வெளியிட விரும்பாத வாசகி

பதில்:

அன்புள்ள சகோதரிக்கு,

உங்கள் கடைசிக் கேள்வியை முதலில் முடித்துவிடுகிறேன். இரண்டு வாரத்துக்கு மேலாக, பெரும்பாலான நாட்கள், மனம் கனத்துக் கிடக்கிறதா? சாப்பாட்டில், வேலையில், பிள்ளையோடு விளையாடுவதில்கூடப் பிடிப்பு விட்டுப்போயிருக்கிறதா? விடியற்காலை மூன்று மணிக்கு விழிப்பு வந்து அப்புறம் தூக்கமே வராமல் படுத்திருக்கிறீர்களா? அப்படியானால் மனநல மருத்துவரைப் பாருங்கள், தள்ளிப்போட வேண்டாம். "இருந்து என்ன ஆகப்போகிறது" என்ற நினைப்பு ஒரே ஒரு தடவை வந்திருந்தால்கூட இந்த வாரமே பாருங்கள். 14416 என்பது டெலி மானஸ், அரசின் இலவச எண். இரவு பகல் எந்நேரமும் தமிழில் பேசலாம். மனச்சோர்வுக்கு நல்ல வைத்தியம் இருக்கிறது; குணமானவர்களை நான் வாராவாரம் பார்க்கிறேன்.

ஆனாலும், கடிதத்தை மூன்று முறை படித்த பிறகு எனக்குத் தோன்றுவதைச் சொல்ல வேண்டும். செய்திருக்க வேண்டிய ஒன்றைச் செய்யாமல் நின்றுவிட்டோம் என்ற வலிதான் உங்கள் தூக்கத்தைக் கெடுக்கிறது என்று நினைக்கிறேன். மாத்திரையால் தூக்கம் வரலாம். இந்த வலிக்கு நீங்கள்தான் ஏதாவது செய்தாக வேண்டும். இன்னொன்று: பெஞ்சு விஷயத்தையும் காய்ச்சல் விஷயத்தையும் இரண்டு தனித்தனிக் கவலைகளாக எழுதியிருக்கிறீர்கள். எனக்கு அவை ஒன்றாகத்தான் தெரிகின்றன. ஏன் என்று சொல்கிறேன்.

நான் மனநல சமூகப் பணியாளர். இருபது வருடமாக இதே வேலை. வாரத்தில் இரண்டு நாள் ஓ.எம்.ஆர். பக்கம் ஒரு ஆலோசனை மையத்தில் உட்காருகிறேன். உங்களைப் போன்றவர்கள் வருவார்கள். ஒரு நாள் மறுகுடியமர்வுக் குடியிருப்பு ஒன்றில். அந்த அக்காவைப் போன்றவர்கள் வருவார்கள். இரண்டு இடத்துக்கும் நடுவே ஸ்கூட்டரில் பத்து நிமிடம்கூட ஆகாது. இரண்டு இடத்திலும் நான் அதிகமாகக் கேட்கும் வாக்கியம் ஒன்றேதான்: "எனக்குன்னு யாரும் இல்லைங்க."

உங்கள் கடிதத்தில் நான் நின்றுபோன இடம், அவர் பெஞ்சைத் துடைத்த இடம். செக்யூரிட்டி துடைக்கச் சொல்லவில்லை, எழுந்திருக்கத்தான் சொன்னார். தலைசுற்றி உட்கார்ந்த ஒரு பெண், எழுந்து நிற்கத் தெம்பில்லாத நேரத்தில், தான் உட்கார்ந்த இடத்தைத் தானே துடைத்துவிட்டுப் போகிறார். தன் உடம்பு பட்ட இடம் துடைக்கப்பட வேண்டிய இடம் என்று அவருக்கு யார் சொல்லிக்கொடுத்தது? ஒரே நாளில், ஒரே செக்யூரிட்டி சொல்லி வந்ததில்லை இது. பல வருடம், பல வீடுகள், பல லிஃப்ட்டுகள் சேர்ந்து சொல்லிக்கொடுத்தது.

ஒரு கேள்வி கேட்கிறேன், கோபித்துக்கொள்ளாதீர்கள். உங்கள் வீட்டில் அவருக்குத் தனி டம்ளர் இருக்கிறதா? நீங்கள் எழுதவில்லை. இருந்தால் இன்றைக்கே எடுத்து மற்ற டம்ளர்களோடு போட்டுவிடுங்கள். அதைப் பற்றி அவரிடம் பேச்செடுக்க வேண்டியதில்லை. அவருக்குத் தெரிந்துவிடும்.

ஊரில் எல்லோரும் எல்லோரோடும் பழகினோம் என்று எழுதியிருக்கிறீர்கள். என் அம்மா பிறந்ததும் உங்கள் கரிசல் பக்கம்தான். பாட்டி வீட்டுத் திண்ணை அகலமானது; சாயங்காலமானால் ஏழெட்டுப் பேர் உட்கார்ந்து பேசிக்கொண்டிருப்பார்கள். எனக்கும் அந்த நினைவு இனிப்பாகத்தான் இருந்தது, கொல்லைப்புறத்தை நினைத்துப் பார்க்கும்வரை. இருட்டியதும் துணி வெளுக்கும் பாட்டி ஒருவர் ராச்சோறு வாங்கக் கொல்லைப்புறம் வந்து நிற்பார். தண்ணீர் கேட்டால் செம்பை உயரத் தூக்கி ஊற்றுவார்கள். அவர் குனிந்து இரண்டு கையையும் குவித்துக் குடிப்பார். முழங்கை வழியாகத் தண்ணீர் ஒழுகும். அறுபது வயதுக்காரரை ஏழு வயதுப் பிள்ளைகளான நாங்கள் "வா, போ" என்றுதான் பேசினோம். அவர் திண்ணையில் உட்கார்ந்து நான் பார்த்ததே இல்லை. எல்லோரும் பழகினோம் என்று நாம் சொல்லும் அந்த "எல்லோரில்" அவர் இல்லை.

இதைக் குத்திக்காட்டச் சொல்லவில்லை. ஊரில் தண்ணீரைத் தூக்கி ஊற்றிய கைதான் இங்கே "பணியாளர்கள் சர்வீஸ் லிஃப்ட்டை மட்டும் பயன்படுத்தவும்" என்று பலகை எழுதி மாட்டியிருக்கிறது. சாதி என்ற சொல் அந்தப் பலகையில் இருக்காது. சுத்தம், பாதுகாப்பு, சொத்து மதிப்பு என்ற சொற்கள் இருக்கும். ஊரில் அந்தப் பாட்டிக்கு எத்தனை பிள்ளைகள், எந்த மகள் எங்கே கட்டிக்கொடுக்கப்பட்டாள் என்பது தெருவுக்கே தெரியும். அது சமத்துவம் இல்லை, ஆனால் தெரிந்திருந்தது. நகரத்துக்கு வரும்போது அந்தத் தெரிதலை ஊரிலேயே விட்டுவிட்டோம், பிரித்துவைக்கும் பழக்கத்தை மட்டும் பெட்டியோடு கொண்டுவந்துவிட்டோம். ஏழு வருடமாக உங்கள் வீட்டுக்குள் வந்துபோகிறவரைப் பற்றி ஒரு முழுக் கடிதத்தில் நீங்கள் சொல்லியிருப்பது, பெரும்பாக்கத்திலிருந்து வருகிறார் என்ற ஒரே தகவல்.

அதனால் பெரும்பாக்கத்தைப் பற்றிக் கொஞ்சம் சொல்கிறேன். உங்கள் பால்கனி தெற்கே பார்த்ததாக இருந்தால் அந்த எட்டு மாடிக் கட்டடங்கள் வரிசையாகத் தெரியக்கூடும். சென்னையின் ஆற்றங்கரைகளிலும் கால்வாய் ஓரங்களிலும் இருந்த குடிசைகளை எடுத்துவிட்டு, அங்கிருந்தவர்களை நகரத்தின் தென்கோடியில் குடிவைத்தார்கள். 2000-ல் கண்ணகி நகரில் தொடங்கியது, சுனாமிக்குப் பிறகு செம்மஞ்சேரி, அப்புறம் பெரும்பாக்கம். 2015 வெள்ளத்துக்குப் பிறகு அடையாறு, கூவம் கரைகளிலிருந்து ஆயிரக்கணக்கான குடும்பங்கள் ஒரு மழைக்காலத்துக்குள் இங்கே வந்து சேர்ந்தன. 1970-ல் தொடங்கப்பட்ட குடிசை மாற்று வாரியத்துக்கு 2021-ல் நகர்ப்புற வாழ்விட மேம்பாட்டு வாரியம் என்று பெயர் மாறியது. வீடு கிடைத்தது உண்மை. கதவு, கழிவறை, கரண்ட் எல்லாம் உண்டு. நானூறு சதுர அடிக்குள் ஒரு சொந்த இடம். அதைச் சிறுமையாகப் பேச நான் தயாரில்லை.

ஆனால் அதற்காக அவர்கள் கொடுத்த விலை, நம் கண்ணில் படாத விலை. சைதாப்பேட்டை கரையில் இருந்த ஒரு பெண் காலையில் நடந்தே ஐந்து வீட்டு வேலையை முடித்துவிட்டு, பிள்ளை பள்ளியிலிருந்து வருவதற்குள் திரும்பிவிடுவார். இருபது கிலோமீட்டர் தள்ளி வந்த மறுநாள் அந்த ஐந்து வீடும் போயிற்று. என்னிடம் வந்த ஒருவர் முதல் வருடம் அதிகாலை பஸ்ஸில் பழைய வீடுகளுக்கே போய்வந்தார். கூலியில் ஒரு பங்கு டிக்கெட்டுக்கே போனது. 2021-ல் சாதாரணக் கட்டணப் பஸ்களில் பெண்களுக்கு டிக்கெட் இல்லை என்று ஆனபோது அவர் சொன்னது எனக்கு இன்னும் காதில் இருக்கிறது: "இப்பதாங்க என் சம்பளம் என் கைக்கு வருது."

வேலையைவிடப் பெரிய இழப்பு அக்கம்பக்கம். கரையில் பக்கத்துப் பக்கத்துக் குடிசையில் இருந்தவர்கள் இங்கே வேறு வேறு பிளாக்குகளுக்குப் பிரிந்துபோனார்கள். பிள்ளையை ஒப்படைத்துவிட்டுப் போக ஒரு கை, அவசரத்துக்கு இருநூறு ரூபாய் கொடுக்க ஒரு முந்தானை முடிச்சு, குடித்துவிட்டு அடிக்க வருகிறவனை அதட்ட ஒரு குரல், எல்லாம் அந்தக் கரையோடு போயின. லிஃப்ட் வேலை செய்யாத நாளில் ஏழாவது மாடியில் முட்டிவலியோடு தனியாக இருக்கும் மூதாட்டியும், காய்ச்சலோடு ஆறாவது மாடியில் போனைப் புரட்டிய நீங்களும் எனக்கு வெகுதூரத்து ஆட்களாகத் தெரியவில்லை. அவருடைய கஷ்டம் உங்களுடையதைவிடப் பலமடங்கு. அதைக் குறைத்துச் சொல்லவே முடியாது. இருந்தாலும் இரண்டு பேரையும் தனிமைப்படுத்திய ஊர் ஒன்றுதான்.

முகவரியைப் பற்றியும் சொல்ல வேண்டும். கண்ணகி நகர், பெரும்பாக்கம் என்று விண்ணப்பத்தில் எழுதினால் வேலை கிடைக்காது, கடன் கிடைக்காது என்று அங்குள்ள இளைஞர்கள் பல வருடமாகச் சொல்லிவருகிறார்கள். உறவினர் வீட்டு முகவரியை எழுதிக் கொடுத்த பட்டதாரிகளை நானே பார்த்திருக்கிறேன். 2025-ல் பஹ்ரைனில் நடந்த ஆசிய இளையோர் விளையாட்டில் தங்கம் வென்ற இந்திய கபடி அணியில் கண்ணகி நகர் கார்த்திகா ஆடினார். ஊர்ப் பெயரைத் தன் பெயருக்கு முன்னால் நிறுத்திச் சொன்ன அந்தப் பெண்ணைப் பார்த்து, அந்தப் பிள்ளைகள் எத்தனை பேர் நிமிர்ந்தார்கள் என்று எனக்குத் தெரியும். உங்கள் மகளுக்கு அவரைப் பற்றிச் சொல்லுங்கள்.

சரி, உங்கள் பக்கத்துக்கு வருகிறேன்.

ஜெர்மனியில் கியார்க் சிம்மல் என்ற சமூகவியலாளர் 1903-லேயே ஒன்றை எழுதிவிட்டார்: பெருநகரத்தில் வருடக்கணக்காகப் பக்கத்து வீட்டில் இருப்பவரைக்கூட நமக்கு முகம் பார்த்துத் தெரியாது. நாள் முழுக்க மோதும் முகங்களையெல்லாம் உள்ளே விட்டால் மனம் தாங்காது என்பதால் மனிதர்கள் தங்களைச் சுற்றி ஒரு விலகலை வளர்த்துக்கொள்கிறார்கள் என்றார். எதையும் பணத்தால் அளந்து பழகியதில் மனிதரும் ஒரு கணக்காகிப் போவதையும் சொன்னார். அவர் பார்த்தது பெர்லின். நம் அபார்ட்மென்ட்டில் அந்த வேலையை கேட்டில் இருக்கும் ஆப் செய்கிறது. அக்கா உள்ளே வந்தார், வெளியே போனார், இத்தனை நட்சத்திரம் என்று போனில் வந்து விழுகிறது. ஏழு வருடத்தில் அவருக்கு எத்தனை நட்சத்திரம் கொடுத்திருப்பீர்கள்? அவருக்கு உங்களை மதிப்பிட ஒரு பொத்தான் இல்லை.

டெலிவரி வேலை பார்க்கும் ஒரு பையன் என்னிடம் ஆலோசனைக்கு வந்தான். தருமபுரி பக்கம், பி.காம். படித்தவன். "ஒரு நாளைக்கு முப்பது கதவு தட்றேன் மேடம். 'வெளிய வெச்சிட்டுப் போங்க'ன்னு உள்ளேர்ந்து குரல் வரும். சில நாள் ராத்திரி ரூமுக்குப் போனப்புறம்தான் ஞாபகம் வரும், இன்னிக்கு யாரும் என் மூஞ்சியைப் பார்க்கவே இல்லைன்னு." கதவுக்கு அந்தப் பக்கம் நின்றவர் நீங்களாகவோ நானாகவோ இருந்திருக்கலாம். கதவுக்கு இந்தப் பக்கமும் அன்றைக்கு யாரும் யார் முகத்தையும் பார்க்கவில்லை என்பதைக் கவனியுங்கள். வாசலுக்கு வருகிற ஒவ்வொருவரையும் ஒரு சேவையாக மாற்றிவிட்டால், வாசலுக்கு மனிதர் வருவது நின்றுபோகிறது. காய்ச்சல் வந்த அன்று உங்கள் போனில் மருந்து கொண்டுவர ஆப் இருந்திருக்கும், சாப்பாடு கொண்டுவர ஆப் இருந்திருக்கும். நெற்றியில் கைவைத்துப் பார்க்க ஆள் இல்லை. அப்படிப்பட்ட ஏற்பாடு ஒன்றில் பணம் கட்டி வாழ்கிறோம்.

இது உடம்பையும் பாதிக்கும் விஷயம். உலகில் ஆறு பேரில் ஒருவரைத் தனிமை வாட்டுகிறது என்று உலக சுகாதார நிறுவனத்தின் ஆணையம் 2025-ல் சொன்னது. வருடத்துக்கு எட்டு லட்சத்து எழுபதாயிரத்துக்கும் மேற்பட்ட மரணங்களோடு அதைத் தொடர்புபடுத்தியது. அமெரிக்காவின் சிகாகோவில் 1995 ஜூலையில் அடித்த வெயிலில் வழக்கத்தைவிட 739 பேர் கூடுதலாக இறந்தார்கள். எரிக் கிளினென்பெர்க் என்ற சமூகவியலாளர் அடுத்தடுத்து இருந்த இரண்டு ஏழைப் பகுதிகளை ஒப்பிட்டார். இரண்டிலும் தனியாக வாழும் முதியவர்கள் ஏறத்தாழ ஒரே அளவு. ஒரு பகுதியில் சாவு அதிகம், இன்னொன்றில் மிகவும் குறைவு. குறைவாக இருந்த பகுதியில் தெருவில் கடைகள் இருந்தன, நடைபாதையில் ஆட்கள் இருந்தார்கள், முதியவர்கள் வெளியே வந்து போகப் பயப்படவில்லை. மற்றதில் தெரு காலியாகிக் கிடந்தது. உள்ளே தாழ்போட்டுக்கொண்டவர்கள் உள்ளேயே இறந்தார்கள். உட்கார்ந்து பேச ஒரு இடம் இருப்பது உயிரைக் காக்கிறது. உங்கள் வளாகத்தில் பெஞ்சு இருக்கிறது, யார் உட்காரக் கூடாது என்று விதியும் இருக்கிறது. அந்த பெஞ்சில் நீங்கள் கடைசியாக உட்கார்ந்தது எப்போது?

இனி, என்ன செய்யலாம்.

முதலில் அக்காவிடம் மன்னிப்புக் கேளுங்கள். அவசரமில்லாத நேரமாகப் பாருங்கள். பாத்திரம் தேய்த்துக்கொண்டிருக்கும்போது முதுகுக்குப் பின்னால் நின்று கேட்காதீர்கள். சுருக்கமாகச் சொல்லுங்கள். "அன்னைக்கு நான் மேலேர்ந்து பார்த்தேன்கா. இறங்கி வந்திருக்கணும், வரலை. தப்பு என்மேலதான், மன்னிச்சிடுங்க." அவ்வளவு போதும். அழ வேண்டாம். நீங்கள் அழுதால் அவர் உங்களைத் தேற்ற வேண்டியதாகிவிடும். அது அவருக்கு இன்னொரு வேலை. "அதெல்லாம் ஒண்ணும் இல்லைம்மா" என்று அவர் சொல்லலாம். சம்பளம் கொடுக்கிறவரிடம் வேறு எப்படிச் சொல்வார்? அதை மன்னிப்பு என்று எடுத்துக்கொள்ளாதீர்கள். பெஞ்சு விதி மாறும்வரை அந்தக் கடன் உங்கள் கணக்கில் இருக்கட்டும்.

இங்கே ஒரு எச்சரிக்கை. உங்களைப் போன்ற நல்ல மனசுக்காரர்கள் இந்த இடத்தில் சறுக்குவதை நிறையப் பார்த்திருக்கிறேன். குற்ற உணர்வு வந்ததும் அந்த அக்காவையே தங்கள் தனிமைக்கு மருந்தாக்கிக்கொள்வார்கள். டீ போட்டுக் கொடுத்து, எதிரே உட்காரவைத்து, மணிக்கணக்கில் தங்கள் மனக்குறையைக் கொட்டுவார்கள். அவருக்கு அடுத்த வீட்டுக்கு நேரமாகியிருக்கும், சொல்ல முடியாமல் உட்கார்ந்திருப்பார். உங்களுக்கும் அவருக்கும் இடையில் சம்பளம் இருக்கிறது. அது இருக்கும்வரை முழு நட்பு கடினம். அது தவறும் இல்லை. அவர் வீட்டுக்கு நீங்களாகக் கிளம்பிப் போய்ப் பார்க்கவும் வேண்டாம். மகளுக்கு மஞ்சள் நீராட்டு, பேரனுக்குக் காதுகுத்து என்று அழைத்தால் போங்கள். போய், எல்லோரோடும் பந்தியில் உட்கார்ந்து சாப்பிட்டு, மொய் எழுதிவிட்டு வாருங்கள்.

நட்பைவிட அவருக்கு முதலில் வேண்டியது நியாயம். கணவர் சொல்வதில் பொய் இல்லை, மற்ற வீட்டைவிட ஆயிரம் ரூபாய் அதிகம்தான். மற்ற வீட்டை அளவுகோலாக வைத்ததுதான் கோளாறு. தமிழ்நாட்டில் வீட்டு வேலைக்குக் குறைந்தபட்சக் கூலி என்று 2018-ல் நிர்ணயித்த தொகையே மணிக்கு நாற்பது ரூபாய்க்குக் கீழே. அவ்வளவு தாழ்ந்த தரையிலிருந்து அளந்தால் நாம் எல்லோரும் வள்ளல்கள்தான். கணவரோடு வாக்குவாதம் வேண்டாம். ஒரு தாளை எடுத்து இரண்டு பத்தி போடுங்கள். ஏழு வருடத்தில் அபார்ட்மென்ட் மெயின்டனன்ஸ் எத்தனை தடவை ஏறியது, எவ்வளவு ஏறியது என்று ஒரு பத்தி. அக்காவின் சம்பளம் எத்தனை தடவை, எவ்வளவு என்று பக்கத்துப் பத்தி. உங்கள் கணவர் கணக்குத் தெரிந்தவர், தாளைப் பார்த்தால் புரிந்துகொள்வார். அதில் 2020 ஊரடங்கு மாதங்களையும் எழுதுங்கள். கேட் மூடி அக்காவை உள்ளே விடாத மாதங்களில் சம்பளம் கொடுத்தீர்களா? கொடுத்திருந்தால் அவர் மறந்திருக்க மாட்டார். கொடுக்காமல் விட்டிருந்தாலும் மறந்திருக்க மாட்டார்.

மாதம் நான்கு நாள் சம்பளத்தோடு விடுமுறை, நீங்கள் ஊருக்குப் போகும் நாட்களுக்கும் முழுச் சம்பளம், தீபாவளிக்கு ஒரு மாதச் சம்பளம் போனஸ், வருடா வருடம் உயர்வு. இவற்றை வாய்ப்பேச்சாக விடாமல் ஒரு தாளில் எழுதி இரண்டு பேரும் வைத்துக்கொள்ளுங்கள். வீட்டுப் பணியாளர்களுக்கென்று 2007-லிருந்து தனி நல வாரியம் இருக்கிறது. அவர் பதிவு செய்திருக்கிறாரா என்று கேளுங்கள். பிள்ளைகளின் படிப்பு, திருமணம், அறுபதுக்குப் பிறகு ஓய்வூதியம் என்று உதவிகள் உண்டு. பலர் பதிவு செய்யாததற்குக் காரணம், தொழிலாளர் துறை அலுவலகத்துக்கு அலைய ஒரு நாள் கூலி போகும் என்பதுதான். அந்த ஒரு நாளைச் சம்பளத்தோடு நீங்கள் கொடுக்கலாம். ஆன்லைன் விண்ணப்பத்தை உட்கார்ந்து நிரப்பியும் கொடுக்கலாம்.

அப்புறம் அசோசியேஷன். பெஞ்சோடு இன்னொன்றையும் கேளுங்கள், இதைப் பற்றி யாரும் பேசுவதில்லை. காலை ஆறரைக்கு கேட்டுக்குள் வரும் பெண் மதியம் ஒன்றரை மணிக்கு வெளியே போகிறார். ஏழு மணி நேரம். அதற்குள் எங்கே சிறுநீர் கழிப்பார்? உங்கள் வீட்டில் மூன்று கழிவறை இருக்கும். அவற்றைத் தேய்த்துக் கழுவுகிறவர் அவர்தான். ஒன்றைப் பயன்படுத்தலாம் என்று நீங்கள் அவரிடம் வாய்விட்டுச் சொல்லியிருக்கிறீர்களா? சொல்லாதவரை அவர் பயன்படுத்த மாட்டார். மறுகுடியமர்வு மையத்தில் நான் பார்க்கும் பெண்களில் பலர் காலையில் தண்ணீரே குடிப்பதில்லை. "குடிச்சா போகணும், எங்க போறது?" என்பார்கள். சிறுநீர்த் தொற்று, அடிவயிற்று வலி, மே மாத வெயிலில் தலைசுற்றல். அன்றைக்கு உங்கள் அக்கா அந்த பெஞ்சில் உட்கார்ந்ததற்குக் காரணம் வெயில் மட்டும்தானா என்று எனக்குச் சந்தேகம். கீழ்த்தளத்தில் ஒரு கழிவறை, ஒரு குடிதண்ணீர்க் குழாய், மின்விசிறியோடு உட்கார ஓர் இடம், எல்லோருக்கும் ஒரே லிஃப்ட். நான்கையும் எழுத்தில் கேளுங்கள். "பாதுகாப்பு" என்பார்கள். வீட்டுச் சாவியையே கொடுத்து வைத்திருக்கிறோமே, பெஞ்சில் உட்கார்ந்தால் என்ன ஆபத்து என்று கேளுங்கள். செக்யூரிட்டிமேல் புகார் எழுதாதீர்கள். பன்னிரண்டு மணி நேர ஷிஃப்ட்டில் நிற்கும் அவரும் அந்த பெஞ்சில் உட்கார முடியாதவர்தான்; எழுப்பாவிட்டால் அவர் வேலை போயிருக்கும்.

மகள் கேட்ட கேள்வி இன்னும் நிற்கிறது. அவள் மறந்திருப்பாள் என்று நினைக்காதீர்கள். ஒன்பது வயதுக்குப் பொய் சொன்னால் தெரியும். "அவங்க உட்காரக் கூடாதுன்னு இங்க ஒரு தப்பான விதி இருக்கு. அம்மா அன்னைக்குத் தைரியமா போய்க் கேட்கலை. இப்பக் கேட்கப் போறேன்." இதைச் சொன்னால் அவள் உங்களைக் குறைவாக நினைக்க மாட்டாள். அசோசியேஷன் கூட்டத்துக்கு அவளையும் கூட்டிப் போங்கள். அக்காவை அவள் எப்படிக் கூப்பிடுகிறாள், "வாங்க, போங்க" என்கிறாளா என்பதையும் கவனியுங்கள்.

பொதுக்குழுவில் தனி ஆளாக எழுந்து நின்றால் ஐந்து நிமிடத்தில் உட்காரவைத்துவிடுவார்கள். ஆறு வீட்டுக் கையெழுத்தாவது இருந்தால் பேச்சை எடுக்காமல் விட முடியாது. வாட்ஸ்அப் குரூப்பில் போடாதீர்கள். அங்கே சண்டைதான் வரும். அந்த நான்கு கோரிக்கைகளையும் எழுதிய தாளை எடுத்துக்கொண்டு உங்கள் தளத்தில் இருக்கும் மற்ற மூன்று வீட்டிலிருந்தே தொடங்குங்கள். மணியை அடித்து, உங்கள் பெயரைச் சொல்லி, அவர்கள் பெயரைக் கேளுங்கள். உள்ளே கூப்பிட்டால் போய் உட்காருங்கள், காபி கொடுத்தால் வேண்டாம் என்று சொல்லாதீர்கள். ஒரு வீட்டில் மறுத்துவிடுவார்கள், பரவாயில்லை, அடுத்த வீட்டுக்குப் போங்கள். சனிக்கிழமை காலை பத்து மணிக்கு மேல் போனால் எல்லோரும் இருப்பார்கள்.